பெஸ்ஸி கோல்மன் கதைய பசங்களுக்கு எப்படி சொல்றது

விமானம் ஓட்டுன முன்னோடிப் பெண் யாரையாவது பத்தி பேசுங்கன்னா முக்கால்வாசிப் பேரு அமீலியா இயர்ஹார்ட் பேரத்தான் எடுப்பாங்க. அமீலியா பெரிய ஆளுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவங்களுக்கு 1923ல கிடைச்ச லைசென்ஸ் பெஸ்ஸி கோல்மன் கைக்கு 1921 ஜூன் 15ஆம் தேதியே வந்துடுச்சு. அமெரிக்கால டெக்சாஸ் பருத்திக்காட்டுல வேலை செஞ்சு வளர்ந்த கறுப்பினப் பொண்ணு, சொந்த நாட்டுல எந்த ஃப்ளையிங் ஸ்கூலும் சேத்துக்கலன்னு கடல் தாண்டிப் போயி வேற பாஷைல படிச்சு வாங்குன லைசென்ஸ் அது. இந்த கதைய நான் நிறைய தடவ பசங்க முன்னாடி சொல்லியிருக்கேன், முதல் ரெண்டு மூணு தடவ சரியா வரல, எதனால வரலன்னு புரிஞ்சுக்கவே கொஞ்ச நாள் ஆச்சு. அத வச்சுத்தான் இத எழுதுறேன். நீங்க டீச்சரா இருக்கலாம், வீட்ல குழந்தைக்கு கதை சொல்றவங்களா இருக்கலாம், பேச்சுப்போட்டிக்கு தயாராகுற பிள்ளையா கூட இருக்கலாம், எல்லாருக்கும் இது ஒத்துவரும்.

முதல்ல ஒன்னு. "கனவு கண்டாங்க, கஷ்டப்பட்டாங்க, ஜெயிச்சாங்க"ன்னு சொன்னா இந்த கதை உப்புச்சப்பு இல்லாம போயிடும், கேக்குற பசங்களுக்கு பெஸ்ஸிக்கும் மத்த எந்த சாதனையாளருக்கும் வித்தியாசமே தெரியாது. பெஸ்ஸி வாழ்க்கைல ஒவ்வொரு கட்டத்துலயும் ரெண்டு கேள்வி கேளுங்க. இப்ப எந்த கதவு மூடியிருந்துச்சு? அத திறக்க காசு எங்கேர்ந்து வந்துச்சு? இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லிக்கிட்டே போனீங்கன்னா கதை தானா நிக்கும். நான் தயார் பண்ணும்போது ஒரு பேப்பர்ல ஊர் பேரா எழுதிட்டு ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்துல அங்க அவங்க என்ன வேலை பாத்து காசு சேத்தாங்கன்னு எழுதிக்குவேன், துணி துவைச்சது, நகத்துக்கு பாலிஷ் போட்டது, சாப்பாட்டுக்கடைய பாத்துக்கிட்டது, அந்த ஒரு பக்கம் போதும், முழு பேச்சையும் மனப்பாடம் பண்ண வேணாம்.

எங்க ஆரம்பிக்கணும்னா, பிறந்த தேதில ஆரம்பிக்காதீங்க. சிகாகோல ஒரு முடிதிருத்தும் கடைல ஆரம்பிங்க. ஒயிட் சாக்ஸ்ங்கிறது அந்தக் கடை பேரு, அங்க வர்ற ஆம்பளைங்களுக்கு பெஸ்ஸி நகம் சீர் பண்ணிவிட்டு பாலிஷ் போடுறாங்க. முதல் உலகப்போர் முடிஞ்சு பிரான்ஸ்லேர்ந்து வந்த அவங்க அண்ணன் ஜான் ஒரு நாள் அங்க வந்து, பிரான்ஸ்ல பொம்பளைங்க கூட விமானம் ஓட்டுறாங்க, உன்னால எல்லாம் முடியாதுன்னு சீண்டிட்டு போறாரு. விளையாட்டா சொன்னதுதான். இவங்க சீரியஸா எடுத்துக்கிட்டாங்க. இந்த காட்சில ஆரம்பிச்சா பசங்க உடனே உள்ள வந்துடுவாங்க, ஏன்னா அண்ணன் தம்பி சீண்டுறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், யாரும் விளக்க வேண்டியதில்ல.

அப்புறம்தான் பின்னாடி போகணும். 1892 ஜனவரி 26, டெக்சாஸ்ல அட்லாண்டான்னு ஒரு சின்ன ஊரு, அந்த இடத்துல நிறுத்தி இது ஜார்ஜியால இருக்குற பெரிய அட்லாண்டா இல்லன்னு சொல்லிடுங்க, நிறைய பேரு குழப்பிக்கிறாங்க. 13 குழந்தைங்க இருந்த வீடு. அப்பா அம்மா வாரத்துக்கு பயிர் வைக்கிறவங்க, நிலம் இன்னொருத்தரோடது, விளைச்சல்ல பங்கு. அப்பா ஜார்ஜுக்கு பூர்வகுடி வம்சாவளியும் உண்டு. பெஸ்ஸிக்கு ரெண்டு வயசு இருக்கும்போது வாக்சஹாச்சிங்கிற ஊருக்கு வந்துட்டாங்க. ஸ்கூல்னா கறுப்பினப் பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரே ஒரு ரூம், தினமும் நாலு மைல் நடை, பருத்தி எடுக்குற சீசன் வந்தா படிப்பு நின்னுடும், எல்லா பிள்ளைங்களும் காட்டுக்கு போயிடணும். அப்படி படிச்சும் கணக்குல கெட்டிக்காரி. 1901ல அப்பா குடும்பத்த விட்டுட்டு ஓக்லஹோமா பக்கம் போயிட்டாரு, அதுக்கப்புறம் அம்மா சூசன்தான் வீட்டு வேலைக்கு போயி காப்பாத்துனாங்க.

இந்த இடத்துல இனப்பாகுபாட்ட பத்தி சொல்லித்தான் ஆகணும், மழுப்பாதீங்க. சின்ன பசங்களா இருந்தா "அந்த காலத்துல அந்த ஊர்ல தோல் நிறத்த வச்சு ஸ்கூல், ரயில்பெட்டி, வாசல் எல்லாத்தையும் சட்டம் போட்டே பிரிச்சு வச்சிருந்தாங்க"ன்னு சொன்னா போதும், பசங்க புரிஞ்சுக்குவாங்க. பெரிய பசங்கன்னா வாசல்ங்கிற வார்த்தைய கொஞ்சம் அழுத்தி சொல்லி வைங்க, பின்னாடி கதைல ஒரு வாசல் வரும், அப்ப ஞாபகம் வரணும்.

காலேஜ் விஷயம் சுருக்கமா. துணி துவைச்சு சேத்த காசுல 1910ல ஓக்லஹோமா மாநிலத்துல லாங்ஸ்டன் ஊர்ல இருந்த காலேஜ்ல சேந்தாங்க, ஒரு டெர்ம்லயே காசு தீந்துடுச்சு, திரும்பி வந்துட்டாங்க. 1915ல, 23 வயசுல, அண்ணன்மார் இருந்த சிகாகோவுக்கு போயிட்டாங்க. இங்க நீங்க மறுபடி அந்த முடிதிருத்தும் கடைக்கு வந்து சேந்துடுவீங்க.

இப்ப மூடுன கதவு. அமெரிக்கால இருந்த ஃப்ளையிங் ஸ்கூல்கள் அவங்கள சேத்துக்கல, பொண்ணுங்கிறதுக்காகவும் கறுப்பினங்கிறதுக்காகவும். வழி காட்டுனவரு ராபர்ட் ஆபட், சிகாகோ டிஃபெண்டர்னு கறுப்பின மக்களுக்காக ஒரு பத்திரிகை நடத்துனவரு. பிரான்ஸுக்கு போ, அங்க கத்துக்கோன்னு சொன்னாரு. சொன்னா போதுமா, பாஷை வேணும், காசு வேணும். சிகாகோலயே பிரெஞ்சு கிளாஸுக்கு போனாங்க, இன்னும் நல்ல சம்பளம்னு சில்லின்னு காரமான இறைச்சிக் குழம்பு விக்கிற ஒரு சாப்பாட்டுக்கடைய நிர்வாகம் பண்ற வேலைக்கு மாறுனாங்க, ஆபட்டும் ஜெஸ்ஸி பிங்காங்கிற பேங்க் முதலாளியும் உதவி பண்ணாங்க. 1920 நவம்பர் 20ஆம் தேதி நியூயார்க்லேர்ந்து கப்பல் ஏறுனாங்க. வயசு 28. இந்த பாஷை படிச்ச விஷயத்த தயவுசெஞ்சு விட்றாதீங்க. எனக்கு இந்த மொத்த கதைலயும் ரொம்ப பிடிச்ச இடமே அதுதான், நாள் முழுக்க வேலை பாத்துட்டு எங்கயோ இருக்குற ஒரு ஊரோட பாஷைய உக்காந்து படிக்கிறாங்க, அந்த ஊர்ல சேத்துக்குவாங்களான்னு கூட தெரியாது.

பிரான்ஸ்ல அவங்க போய் சேந்த இடம் லெ க்ரோட்வா, சோம் பகுதில கடலோரத்துல இருக்கு. கோட்ரோன் சகோதரர்கள் நடத்துன ஸ்கூல். இந்த ஊர பத்தி ஒரு விஷயம் சொன்னா பெரிய பசங்க அப்படியே அமைதியாயிடுவாங்க. உலகத்துலயே முதல் முதல்ல லைசென்ஸ் வாங்குன பெண் ரேமோன்ட் தெ லாரோஷ், 1910 மார்ச் 8ல வாங்குனாங்க, அவங்க 1919 ஜூலைல விமான விபத்துல உயிர விட்டதும் இதே லெ க்ரோட்வால தான். ஒன்றரை வருஷம் கூட ஆகல, அதே ஊருக்கு பெஸ்ஸி கத்துக்க வர்றாங்க. அவங்க அங்க படிக்கும்போதே கூட படிச்ச ஒரு மாணவரு விழுந்து இறந்தத பாத்தாங்க. பாத்து ஆடிப்போயிட்டாங்க, ஆனாலும் மறுபடி ஏறுனாங்க.

சரி, பறக்குறது எப்படி இருந்துச்சுன்னு எப்படி காட்டுறது? படம் காட்டலாம், ஆனா அதவிட நல்லா வேலை செய்யுறது ஒரு நாற்காலி. ஒரு பிள்ளைய உக்கார வைங்க, கைல கிரிக்கெட் பேட்டோட கைப்பிடி மாதிரி தடியா ஒரு குச்சிய செங்குத்தா பிடிக்கச் சொல்லுங்க, காலுக்கு அடில இன்னொரு குச்சிய குறுக்க போடுங்க. அவங்க கத்துக்கிட்டது நியூபோர் 82ங்கிற ரெட்டை இறக்கை விமானத்துல, ஸ்டியரிங் வீல் கிடையாது, பிரேக் கிடையாது. கைல இருக்குற குச்சிய முன்னாடி தள்ளுனா மூக்கு கீழ போகும், இழுத்தா மேல போகும், பக்கவாட்டுல சாய்ச்சா இறக்கை சாயும். காலால மிதிக்கிற கட்டை வாலுல இருக்குற சுக்கானத் திருப்பும். தரையில நிறுத்தணும்னா வால்ல இருக்குற கட்டை மண்ண உரசி உரசித்தான் நிக்கும். இப்ப அந்த பிள்ளைக்கு பின்னாடி இன்னொரு பிள்ளைய உக்கார வச்சு அதுக்கும் ஒரு குச்சி குடுங்க. முன்னாடி இருக்குறது வாத்தியார், பின்னாடி பெஸ்ஸி. இன்ஜின் சத்தத்துல ஒரு வார்த்தை பேச முடியாது, ரெண்டு குச்சியும் இணைஞ்சிருக்கும், வாத்தியார் அசைக்கிறப்ப தன்னோட குச்சி எப்படி அசையுதுன்னு பாத்தே கத்துக்கணும். நீங்க வாயால புர்ர்ர்னு சத்தம் போடுங்க, முன்னாடி பிள்ளை பேசாம அசைக்கட்டும், பின்னாடி பிள்ளை அதே மாதிரி செய்யட்டும். ரெண்டு நிமிஷம் பண்ணா போதும், ஏழு மாசம் அவங்க என்ன பண்ணாங்கன்னு யாருக்கும் தனியா விளக்க வேண்டியதில்ல. தகரத்தால செஞ்ச விமானம் கூட இல்லங்கறதையும் சொல்லிடுங்க, மரச்சட்டம், துணி, கம்பி. ஒவ்வொரு தடவ ஏறுறதுக்கு முன்னாடியும் கம்பிய எல்லாம் தொட்டு பாத்து செக் பண்ணணும்.

டெஸ்ட்ல வானத்துல எட்டு போட்டு காட்டணும், குறிச்ச இடத்துக்கு பக்கத்துல வந்து இறங்கணும். செஞ்சாங்க. சர்வதேச விமான சம்மேளனத்தோட லைசென்ஸ் கிடைச்சுது.

இங்கதான் முக்கால்வாசிப் பேரு தப்பு பண்றாங்க, நானும் பண்ணேன். லைசென்ஸ் கிடைச்சதோட கைதட்டு வாங்கிட்டு, அப்புறம் வேகவேகமா விபத்துக்கு போயிடுறது. லைசென்ஸ் கதையோட நடுப்பகுதி, முடிவு இல்ல. 1921 செப்டம்பர்ல நியூயார்க்குக்கு வந்து இறங்குனப்ப பத்திரிகைக்காரங்க வந்தாங்க, பேட்டி எடுத்தாங்க, ஆனா வேலை? அப்ப பயணிகள் விமானம்னு பெருசா எதுவும் இல்ல, பறந்து சம்பாதிக்கணும்னா சாகசம் காட்டணும், அதுக்கு இன்னும் பயிற்சி வேணும், அத சொல்லிக்குடுக்க அமெரிக்கால மறுபடி யாரும் இல்ல. அதனால 1922 பிப்ரவரில திரும்பவும் ஐரோப்பாவுக்கு போனாங்க. பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி, விமானம் தயாரிக்கிற ஆண்டனி ஃபாக்கர போயி பாத்தாங்க. ஒரே கதவு ரெண்டு தடவ மூடுச்சு, ரெண்டு தடவையும் சுத்திக்கிட்டு போனாங்கன்னு இந்த இடத்துல சொன்னா நல்லா பதியும்.

1922 செப்டம்பர் 3, நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட்ல கர்டிஸ் ஃபீல்டு, அதுதான் அமெரிக்கால அவங்க முதல் ஷோ. முதல் உலகப்போர்ல சண்டை போட்ட கறுப்பின வீரர்களோட 369ஆவது படைப்பிரிவ கௌரவிக்கிறதுக்காக நடந்துச்சு. ஆறு வாரம் கழிச்சு சிகாகோல. ஜனங்க குயின் பெஸ்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஓட்டுனது பெரும்பாலும் ஜென்னி, கர்டிஸ் கம்பெனியோட ஜேஎன் 4, போர்க்காலத்துல பயிற்சிக்கு செஞ்ச விமானம், போர் முடிஞ்சதும் மிச்சம் இருந்தத ராணுவம் மலிவா வித்துடுச்சு, அதனாலதான் நாடு முழுக்க சாகச விமானிங்க பெருகுனாங்க. தலைகீழா வட்டம் அடிக்கிறது, எட்டு போடுறது, தரைய தொடுற மாதிரி வந்து மேல ஏறுறது. ஒன்ன மட்டும் பெரிய பசங்களுக்கு சொல்லுங்க, அப்ப அமெரிக்கால விமானத்துக்கோ விமானிக்கோ மத்திய அரசோட லைசென்ஸ் முறையே கிடையாது. பழைய விமானம், பழைய இன்ஜின், யாரும் கேக்கறதில்ல.

1923 பிப்ரவரில கலிஃபோர்னியால ஷோவுக்கு கிளம்புனப்ப மேல ஏறுன உடனே இன்ஜின் நின்னு கீழ விழுந்தாங்க. கால் முறிஞ்சுது, விலா எலும்பும் உடைஞ்சுது. நடக்க முடிஞ்ச உடனே மறுபடி பறப்பேன்னு ஆஸ்பத்திரிலேர்ந்து செய்தி அனுப்புனாங்க. இதுக்கப்புறம் 1925 வரைக்கும் பெருசா ஷோ நடத்த முடியல, சொந்த விமானம் போச்சு, காசு இல்ல. இந்த காலத்த எல்லாரும் தாண்டிப்போயிடுவாங்க, நீங்க அங்க கொஞ்சம் நில்லுங்க. பசங்களுக்கு தோத்துட்டு சும்மா இருக்குற காலம்னு ஒன்னு இருக்குன்னு தெரியணும், குயின் பெஸ்ஸுக்கும் அது இருந்துச்சு.

அவங்க முடியாதுன்னு சொன்ன ரெண்டு விஷயம் இருக்கு, நேரம் கம்மியா இருந்தா சாகசத்த குறைச்சுட்டாவது இத சொல்லுங்க. ஒன்னு சினிமா. நடிக்க ஒத்துக்கிட்டாங்க, காசு வந்தா சொந்தமா ஃப்ளையிங் ஸ்கூல் ஆரம்பிக்கலாம்னு நினைச்சாங்க. ஆனா முதல் காட்சிலயே கிழிஞ்ச துணி, கைல தடி, முதுகுல மூட்டையோட வரணும்னு சொன்னதும் விலகிட்டாங்க, என் ஜனங்கள அப்படி காட்ட நான் உதவ மாட்டேங்கிற முடிவு. காசு அவ்ளோ தேவைப்பட்ட நேரத்துல. ரெண்டாவது, வாக்சஹாச்சி. வளர்ந்த ஊர்லயே ஷோ, ஆனா வெள்ளையர்களுக்கு ஒரு வாசல், கறுப்பினத்தவங்களுக்கு ஒரு வாசல்னு ஏற்பாடு. ஒரே வாசல் இல்லன்னா பறக்க மாட்டேன்னுட்டாங்க. ஏற்பாடு பண்ணவங்க இறங்கி வந்தாங்க, எல்லாரும் ஒரே வாசல்ல உள்ள போனாங்க. ஆனா உள்ள போனதும் உக்கார்ற இடம் தனித்தனியாவே இருந்துச்சு. இந்த கடைசி வரிய மறைக்காம சொல்லுங்க, முழு வெற்றி மாதிரி காட்டுறது உண்மை இல்ல. ஒரு தடவ ஒரு சின்னப் பொண்ணு "அப்ப பாதி வாசல்தான் திறந்துச்சா"ன்னு கேட்டா, நான் இத்தன நாள் தேடுன வார்த்தைய அவ சொல்லிட்டா.

இப்ப விபத்து. முதல் தடவ நான் கதைய இங்கதான் ஆரம்பிச்சேன், சுவாரஸ்யமா இருக்கும்னு. அரைமணி நேரம் பேசி முடிச்சிட்டு என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்டா எல்லா பிள்ளையும் விழுந்தத மட்டும் சொல்லுச்சு, ரொம்ப வருத்தமா போச்சு. அதனால சுருக்கமா, நேரா, குரல ஏத்தாம சொல்லுங்க. 1926 ஏப்ரல் 30, ஃபுளோரிடால ஜாக்சன்வில். மறுநாள் ஷோல பாராசூட்ல குதிக்கணும், எங்க குதிக்கிறதுன்னு மேலேர்ந்து பாக்க கிளம்புனாங்க. ஓட்டுனது அவங்க மெக்கானிக் வில்லியம் வில்ஸ், 24 வயசு. அந்த ஜென்னி டல்லாஸ்லேர்ந்து வர்ற வழிலயே கோளாறாகி அங்கங்க இறங்கி இறங்கி வந்த விமானம். எட்டிப்பாக்க வசதியா இருக்கணும்னு பெஸ்ஸி சீட் பெல்ட் போடல. விமானம் திடீர்னு மூக்கு குத்தி சுழண்டுச்சு, அவங்க வெளிய விழுந்துட்டாங்க. வில்ஸும் தப்பிக்கல. கழட்டி மாட்டுற ஸ்பேனர் ஒன்னு கியர்ல சிக்கியிருந்துச்சுன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. வயசு 34. வில்ஸ் பேரையும் கண்டிப்பா சொல்லுங்க, அவரும் அன்னைக்கு உயிர விட்டவரு. விமானத்தையும் விமானியையும் பரிசோதிச்சு அனுமதி குடுக்கணும்னு அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது 1926 மே 20. மூணு வாரம்.

சிகாகோல இறுதிச்சடங்குக்கு ஆயிரக்கணக்குல ஜனம் வந்துச்சு, முன்ன நின்னு நடத்துனவங்க ஐடா பி. வெல்ஸ், இன வன்முறைய எதிர்த்து காலம் பூரா எழுதுனவங்க.

தயார் பண்ணும்போது தடுக்கி விழுற இடம் ரெண்டு இருக்கு. பிறந்த வருஷம் சில எடத்துல 1896ன்னு இருக்கும், ஏன்னா பிரெஞ்சு லைசென்ஸ்லயே அப்படித்தான் இருக்கு, வயச குறைச்சு குடுத்திருக்காங்க, சரியானது 1892. இன்னொன்னு, "முதல் கறுப்பின விமானி"ன்னு சொல்லிடாதீங்க. யூஜின் புல்லார்ட்ங்கிற அமெரிக்கர் 1917லயே பிரெஞ்சு படைல விமானியா இருந்தாரு. லைசென்ஸ் வாங்குன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண், பூர்வகுடி வம்சாவளிப் பெண்கள்லயும் முதல் ஆள், இப்படி சொன்னா சரியா இருக்கும், அதுவே எவ்ளோ பெருசு.

கேள்வி நேரத்துக்கு பத்து நிமிஷமாவது விடுங்க, பாதிப் பேச்சு அங்கதான் நடக்கும். பயமா இல்லையான்னு கேப்பாங்க, லெ க்ரோட்வால கூட படிச்சவரு இறந்தத ஞாபகப்படுத்துங்க. கல்யாணம் ஆச்சான்னு யாராவது கேப்பாங்க, அதுல ரொம்ப நேரம் போக வேணாம், பறக்குறதுக்கு திரும்பிடுங்க. விண்வெளிக்கு போன யாருக்காவது இவங்கள தெரியுமான்னு ஒரு பையன் கேட்டான், பிரமாதமான கேள்வி. 1992ல எண்டேவர் விண்கலத்துல போன மே ஜெமிசன், விண்வெளிக்கு போன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண், பெஸ்ஸியோட போட்டோவ கூடவே எடுத்துட்டு போனாங்க. 1995ல அமெரிக்கா தபால்தலை வெளியிட்டுச்சு, 2023ல கால் டாலர் காசுல அவங்க உருவம் வந்துச்சு, காசோட படம் கிடைச்சா பெருசா பிரிண்ட் எடுத்து கைல குடுத்துப் பாருங்க.

அப்புறம் கண்டிப்பா வர்ற ஒன்னு, அவங்க ஆசப்பட்ட ஃப்ளையிங் ஸ்கூல் வந்துச்சா? அவங்க இருக்கும்போது வரல. 1929ல வில்லியம் பவல்ங்கிறவரு லாஸ் ஏஞ்சல்ஸ்ல அவங்க பேருலயே ஒரு ஏரோ கிளப் ஆரம்பிச்சாரு. 1931லேர்ந்து சிகாகோ கறுப்பின விமானிங்க வருஷா வருஷம் அவங்க கல்லறைக்கு மேல பறந்து மரியாதை செஞ்சாங்க. அதே சிகாகோல கார்னீலியஸ் காஃபியும் வில்லா பிரவுனும் சேந்து விமானப் பயிற்சிப் பள்ளி நடத்துனாங்க, அங்க படிச்சவங்கள்ல நிறைய பேரு ரெண்டாம் உலகப்போர்ல டஸ்கீகின்னு கறுப்பின விமானிங்களுக்குன்னே இருந்த படைல விமானிங்களா போனாங்க. வில்லா பிரவுன் அமெரிக்காலயே லைசென்ஸ் வாங்குனவங்க, 1938ல, கப்பல் ஏற வேண்டியிருக்கல. பசங்க இன்னொரு கதை கேட்டா அடுத்த வாரம் அவங்ககிட்டேர்ந்து ஆரம்பிங்க, அந்த நாற்காலியையும் குச்சியையும் எடுத்து வச்சுக்கோங்க, மறுபடி வேணும்.